சிறைவீடும் சிறைநெறியும்

புறநானூற்றின் 74-ஆம் பாட்டைப் பயின்றார் எவரும் அதனை மானத்தின் பாட்டு என்றே மனத்தில் இருத்துவர். பகைவன் சிறையில் தளைப்பட்டுக் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, காலந்தாழ்த்துக் கொணரப்பட்ட நீரைப் பருகாது உயிர்விட்டான் என்னும் செய்தி, மானத்திற்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிநூல் முதல் ஆய்வுரை வரை வழங்கி வருகிறது. அவ்வாறு கொள்வது பிழையன்று. ஆயினும் அஃது ஒன்றே பாட்டின் பொருள் எனக் கொள்ளுமிடத்து ஒரு வினா எழாமலே மறைந்துவிடுகிறது. சிறைப்பட்டவன் மானமுடையவன் என்பது விளங்குகிறது; அவனைச் சிறைவைத்தார்க்கு அவன்பால் உரிய கடன் யாது?

இவ்வினாவிற்கு உலகநாடுகள் 20-ஆம் நூற்றாண்டில் எழுத்துவடிவில் விடைதர முயன்றன. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் ஜெனீவா நகரில் கூடிய மாநாடு 1955-ஆம் ஆண்டு, சிறைப்பட்டாரை நடத்துதற்குரிய குறைந்த அளவு நெறிகள் என ஒரு தொகுதியை வகுத்தது. அவ்வவையின் பொருளியல் சமூகக் குழு 1957-இல் அதற்கு இசைவளித்தது. 2015-இல் அத்தொகுதி திருத்தம் பெற்று, 27 ஆண்டுகள் சிறையில் இருந்த தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கலாயிற்று. 122 நெறிகள் கொண்ட அத்தொகுதியில் 22-ஆவது நெறி உணவையும் நீரையும் பற்றியது. சிறைப்பட்டார் ஒவ்வொருவர்க்கும் குடிநீர் அவர் வேண்டும்பொழுதெல்லாம் கிடைத்தல் வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. இக்கூறு 1955-ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே இடம்பெற்றுவிட்டது. ஒரு வேந்தனின் இறுதிப் பாட்டும், பல நாட்டார் கூடி எழுதிய ஒரு விதியும் ஒரு குவளை நீரினிடத்தே வந்து கூடுகின்றன.

இக்கூட்டத்தைக் கண்டு, உலகம் இன்று கண்டதனைத் தமிழர் அன்றே கண்டனர் என முழங்குவது எளிது. அம்முழக்கம் ஆராய்ச்சி ஆகாது. பண்டைத் தமிழ் நூல்கள் சிறைப்பட்டார்க்குக் காட்டிய அருள் பெரும்பாலும் சிறைவீடு என்னும் வடிவினது. அஃதாவது வேந்தன் மனமிரங்கிச் சிறையினின்று விடுத்தல். உலகநெறிகள் காட்டுவது சிறைநெறி. அஃதாவது விடுதலை பெறாது உள்ளேயே இருப்பவனுக்கும் உரியது இது என வரையறுத்தல். இவ்விரண்டும் ஒன்றல்ல. இவற்றின் வேற்றுமையை உணர்ந்து நோக்கினாலன்றிப் புறப்பாட்டின் குரலும் மணிமேகலையின் சிறைக்காதைகளும் முழுமையாக விளங்கா என்பதனை ஈண்டு நிறுவ முயல்வோம்.

1. புறப்பாட்டின் குரல்

74-ஆம் பாட்டை ஆராயப் புகுவார் முதற்கண் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பாட்டு வேறு, பாட்டின் கீழ் அமைந்த குறிப்பு வேறு. திருப்போர்ப்புறத்தே சோழன் செங்கணானொடு பொருது பிடிபட்டதும், குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்ததும், நீர் கேட்டுப் பெறாமையும், பின்னர்ப் பெற்றும் உண்ணாமல் கையிற் கொண்டிருந்து துஞ்சியதும் குறிப்பால் அறியப்படுவன. பாட்டினுள் சோழன் பெயரும் இல்லை. கோட்டத்தின் பெயரும் இல்லை. குறிப்புப் பிற்காலத்துத் தொகுத்தாரது எனக் கொள்வார் கொள்க. அங்ஙனம் கொள்ளினும் எம் கருத்துக்கு ஊறில்லை. குறிப்பை எழுதியவரே இப்பாட்டின் முதல் திறனாய்வாளர் எனலாம். நீர் கிடைத்திலது என்று மட்டும் எழுதி அவர் அமையவில்லை. காலந்தாழ்த்துக் கிடைத்தது என்பதனைப் ‘பெயர்த்து’ என்னும் ஒரு சொல்லால் வைத்தார். கொடுத்தவர் கொடுத்தனர், வேண்டிய பொழுது கொடுத்திலர். துயரத்தின் முனை அங்கே உள்ளது என்பதனை அவர் உணர்ந்திருந்தார்.

இனிப் பாட்டினை நோக்குவோம். குழவி இறந்து பிறப்பினும், உருவமில்லாத் தசைப்பிண்டமாய்ப் பிறப்பினும், அதனையும் ஆள் அன்று என ஒதுக்காமல் வாளால் வடுப்படுத்தும் மறக்குடி மரபினை முற்பகுதி கூறுகிறது. சங்கிலியாற் பிணிக்கப்பட்ட நாய் போல இருத்தப்பட்டு, உறவல்லாத உறவினர் தரும் சிறிய உணவினை, மனவலியின்றி, வயிற்றுத் தீ தணியும் பொருட்டு இரந்துண்ணும் நிலைக்கு ஒருவனை இவ்வுலகத்தே பெற்றெடுப்பரோ என்று பிற்பகுதி வினவுகிறது.

இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் கயிறு எது? முற்பகுதியில் உயிரற்ற பிண்டமும் ஆள் என எண்ணப்படுகிறது. பிற்பகுதியில் உயிருள்ள வேந்தன் நாயென எண்ணப்படுகிறான். ஆள் என்னும் எண்ணிக்கையினின்று ஒருவன் நீக்கப்படுவதே பாட்டின் உள்ளீடு. மானம் என்னும் சொல் பாட்டினுள் இல்லை. அஃது உரையாலும் மரபாலும் வந்து சேர்ந்தது. பாட்டினுள் இருப்பன சங்கிலி, நாய், இரத்தல், கொடுப்பார் என்பனவே. இவற்றுள் சங்கிலியும் கொடுத்த முறையும் சிறைவைத்தாரின் செயல்கள். எனவே இப்பாட்டு சிறைப்பட்டவனின் உள்ளத்தைக் காட்டும் அளவிற்குச் சிறையின் இயல்பையும் காட்டுகிறது.

‘வேளாண்’ என்னும் சொல்லை ஈண்டுத் தனியே எடுத்து நோக்குதல் தகும். பழைய உரைகாரர் அதற்கு உபகாரம் என்று பொருள் கொண்டார். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்து வரும் வேளாண்மை என்னும் சொல்லிற்கும் பரிமேலழகர் கொண்ட பொருள் அதுவே. விருந்தினனுக்குச் செய்யும்பொழுது உயர்ந்த அறமாகத் திகழும் அதே உபகாரம், தளைப்பட்டவனுக்குச் செய்யப்படும்பொழுது இழிவாக மாறுவது ஏன்? விருந்தினன் தான் விரும்பி வந்தவன், விரும்பியபொழுது செல்லத்தக்கவன். தளைப்பட்டவன் வேறொரு வாயிலில் சென்று கேட்க இயலாதவன். அவன் உயிர் காவலனின் கையில் உள்ளது. அத்தகையவனுக்குத் தரும் நீரை உபகாரம் எனக் கருதுவோர், தம் கடனைத் தம் கொடையாக மாற்றிக்கொள்கின்றனர். இரும்பொறை மறுத்தது நீரை அன்று. நீர் அங்ஙனம் கொடையாக்கப்பட்டதனை.

உலகநெறிகளை இதனொடு வைத்து நோக்குக. 47-ஆம் நெறி, இயல்பிலேயே இழிவு தருவனவும் துன்பம் தருவனவுமாகிய சங்கிலி, விலங்கு முதலிய தளைகளை விலக்குகிறது. 57-ஆம் நெறி, சிறைப்பட்டார் விடுக்கும் வேண்டுகோளையும் முறையீட்டையும் விரைந்து ஆய்ந்து காலந்தாழ்க்காது மறுமொழி தரவேண்டும் என்கிறது. நாயொடு ஒப்பிடப்பட்டவனின் சங்கிலியும், ‘பெயர்த்து’ என்னும் சொல்லில் உறையும் தாழ்ப்பும் அவ்விரு நெறிகளால் விலக்கப்பட்டனவாம். பாட்டு எழுப்பிய குறை, விதியின் நடையில் பல நூற்றாண்டுகளின் பின் எழுதப்பட்டதனை இவ்வொப்புமை காட்டுகிறது. பாட்டிலிருந்து விதி பிறந்தது என யாம் கூறவில்லை. இரண்டும் ஒரே புண்ணைத் தொடுகின்றன என்பதே எம் துணிபு.

2. ஒரு வரலாற்றின் இரு முடிபுகள்

இரும்பொறையின் வரலாற்றுக்கு வேறொரு முடிபும் உண்டு என்பது அறிஞர் அறிந்தது. பொய்கையார் செங்கணானின் வெற்றியைக் களவழி நாற்பது என்னும் நூலாற் பாட, அது கேட்டு மகிழ்ந்த சோழன் சேரனைச் சிறைவீடு செய்தான் என்பது அம்முடிபு. கலிங்கத்துப்பரணியும் களவழிக் கவிதையின் பொருட்டுச் சேரன் தளை நீக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. சேரன் சிறையில் இறந்தான் என்னும் புறக்குறிப்பும், விடுதலை பெற்றான் என்னும் இம்மரபும் தம்முள் முரணுகின்றன. சிறைப்பட்ட சேரர் இருவர் என்பார் ஒரு சாரார். விடுதலை ஆணை வருமுன் சேரன் இறந்தான் என இரண்டினையும் இயைப்பார் மற்றொரு சாரார்.

வரலாற்று முடிபு எதுவாயினும் ஆகுக. இலக்கிய நோக்கில் இம்முரண் நமக்குப் பயன்தருகிறது. விடுதலை மரபில் பேசுவோர் மூவர்: பாடிய புலவர், கேட்ட சோழன், போற்றும் பிற்காலப் புலவர். சிறைப்பட்ட சேரன் அங்கே வாய் திறக்கவில்லை. அவன் பிறர் கொடைக்குப் பொருளாகிறான். செங்கணானின் வீரத்தோடு அவன் அருளும் புகழ்பெறுவதற்கு அவன் தளை ஒரு கருவியாகிறது. புறப்பாட்டிலோ சேரனே பேசுகிறான். சோழன் பெயரும் அங்கே வாய்த்திலது. விடுதலைக் கதை விடுத்தானைப் பாடுவது. சிறைக் கதை இருந்தானைக் கேட்பது. சிறைவீட்டிற்கும் சிறைநெறிக்கும் உள்ள வேற்றுமையின் வேர் இவ்விடத்தே புலப்படுகிறது.

3. சிறைக்கோட்டமும் புழுக்கறையும்

தமிழ்க் காப்பியங்களுள் சிறையை விரிவாகப் பேசுவது மணிமேகலை. அதன் 19-ஆம் காதை சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலை, அமுதசுரபியை ஏந்திப் புகாரின் சிறைக்கோட்டத்துள் புகுந்து, பசியால் வாடிக் கிடந்தோர் அனைவரையும் ஊட்டுகிறாள். ஒரு பாத்திரம் பலரை ஊட்டிய வியப்பினைக் காவலர் மாவண்கிள்ளிக்கு உரைக்கின்றனர். அவளை அழைத்து வேண்டுவது யாது என வினவிய வேந்தனிடம், சிறையை நீக்கி அவ்விடத்தை அறவோர் உறையும் கோட்டமாக்குக என்கிறாள். வேந்தன் இசைகிறான். சிறைப்பட்டார் விடுக்கப்படுகின்றனர், கோட்டம் தவத்தோர் உறையுளும் அட்டிலும் உண்ணுமிடமும் உடைய அறச்சாலையாகிறது.

இக்காதையை உலகச் சிறைத்திருத்தத்தின் முன்னோடி எனப் போற்றுவோர் உளர். போற்றற்கு உரிய கூறும் அதில் உண்டு. மணிமேகலை முதலில் அரண்மனைக்குச் சென்று முறையிடவில்லை, சிறையினுள் சென்றாள். கேள்வியால் அறியாது கண்டு அறிந்தாள். முதலிற் கண்ட குறையும் பசியே. சிறைகளைச் சிறைத்துறையினரே அன்றி அத்துறையைச் சாராத வெளியாரும் சென்று ஆய்தல் வேண்டும் என மண்டேலா நெறிகளின் 83-ஆம் நெறி முதலாயின கூறுவதன் உட்கருத்தை, மணிமேகலையின் செயலில் காண்பது மிகையாகாது.

ஆயினும் காப்பியத்தை 19-ஆம் காதையோடு மூடிவைப்பது முறையன்று. 20-ஆம் காதையில் உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டு இறக்கிறான். 22-ஆம் காதையின் பெயர் சிறைசெய் காதை. மைந்தன் இறந்தமை கேட்ட வேந்தன், கணிகை மகளாகிய மணிமேகலையையும் காவலில் வைக்குமாறு ஆணையிடுகிறான். சிறையை ஒழிக்கச் சொன்னவளே சிறைப்படுகிறாள். ஒழிக்க இசைந்தவனே சிறைவைக்கிறான். கொலை செய்தவன் காஞ்சனன். காவலில் வைக்கப்பட்டவள் மணிமேகலை. இவ்விரு காதைகளுக்கும் இடையே உள்ளவை இரண்டே காதைகள். சிறைக்கோட்டம் என்னும் கட்டடம் மாறிற்று. சிறைவைக்கும் முறை மாறவில்லை. வேந்தனின் அருள் ஒரு நாள் சிறையைத் திறந்தது. அவன் துயரம் மற்றொரு நாள் சிறையைப் படைத்தது. இரண்டிற்கும் அவன் உள்ளமே அளவுகோல்.

23-ஆம் காதை இன்னும் கூரியது. அதன் பெயர் சிறைவிடு காதை. மகனை இழந்த இராசமாதேவி, வேந்தனிடம் பேசி மணிமேகலையைச் சிறையினின்று விடுவித்துத் தன்பால் இருத்திக்கொள்கிறாள். பெயரளவில் இது சிறைவீடு. நிகழ்ந்ததோ அதன் மறுதலை. மனத்தை மயக்கும் மருந்து ஊட்டப்படுகிறாள். இளைஞன் ஒருவன் அவளைக் கெடுக்குமாறு ஏவப்படுகிறான். அதுவும் பயன்படாதபொழுது, நோயுற்றாள் எனப் பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவு மறுக்கப்படுகிறாள். வேந்தன் காவலில் இருந்தபொழுது நேராத துன்பங்கள் அனைத்தும் விடுதலை என்னும் பெயரின்கீழ் நேர்கின்றன.

இவற்றை உலகநெறிகளின் வரிசையோடு ஒப்பிடுவோர் வியப்புறுவர். உடற்றண்டத்தையும், உணவையும் குடிநீரையும் குறைத்தலையும், இருட்டறையில் அடைத்தலையும் 43-ஆம் நெறி தண்டமாகவும் ஒழுங்குமுறையாகவும் கொள்ளலாகாது என விலக்குகிறது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மானிடத் தொடர்பின்றி அடைத்துவைப்பது தனிமைச் சிறை என்றும், அது தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்படின் நீண்ட தனிமைச் சிறை என்றும் 44-ஆம் நெறி வரையறுக்கிறது. நீண்ட தனிமைச் சிறை முற்றும் விலக்கப்பட்டது. மருத்துவப் பணியாளர் ஒழுங்குத் தண்டம் விதித்தலில் பங்கு கொள்ளலாகாது என்பது 46-ஆம் நெறி. மகளிர் சிறைப்பகுதியுள் ஆண் பணியாளர் பெண் பணியாளரின் துணையின்றிப் புகலாகாது என்பது 81-ஆம் நெறி. ஐக்கிய நாடுகள் அவை 2010-இல் ஏற்ற பாங்காக் நெறிகள் பெண் கைதிகளுக்கெனவே தனியே வகுக்கப்பட்டவை. இராசமாதேவியின் செயல்கள் ஒவ்வொன்றிற்கும் ஒரு விலக்கு இவற்றுள் உண்டு. பொய்நோய் காட்டி அடைத்தமைக்கும், மருந்தைத் துன்பக் கருவியாக்கியமைக்கும் எதிராக 2015-ஆம் ஆண்டின் நெறிகள் காப்பு வகுத்துள்ளமை கருதத்தக்கது. காவலர் பெண்ணாயிருத்தல் ஒன்றே பெண்ணுக்குக் காப்பாகாது என்பதனையும் இக்காதை உணர்த்துகிறது. கொடுமை செய்தவளும் பெண்ணே.

சாத்தனார் மணிமேகலையைக் காக்கும் வழி யாது? அவள் முற்பிறப்பை அறிந்தவள். ஆதலின் மருந்து அவள் அறிவைத் திரிக்கவில்லை. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் உடையவள். ஆதலின் இளைஞனிடமிருந்து தப்பினாள். பசி ஒழிக்கும் மந்திரம் உடையவள்; ஆதலின் புழுக்கறையில் வாடவில்லை. காப்பியத் தலைவிக்கு மூன்று காப்புகள் வாய்த்தன. மந்திரம் இல்லாத மற்றைச் சிறைப்பட்டார் என் செய்வர்? காப்பியம் இவ்வினாவை வாய்விட்டு எழுப்பவில்லை. ஆயின் மூன்று கொடுமைகளையும் மூன்று மந்திரங்களையும் இணையிணையாக அடுக்கிய முறையாலேயே, மந்திரம் நீங்கின் எஞ்சுவது யாது என்பதனைக் கற்பார் உணர வைக்கிறது. நெறி என்பது மந்திரம் இல்லாதவர்க்கு உரிய மந்திரம் எனின் பொருந்தும்.

4. வார்த்திகன் பெற்ற ஊர்கள்

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் வரலாறும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பராசரன் தந்த அணிகலன்கள் வார்த்திகன் மகனிடம் இருந்தமை கண்ட அரசு ஏவலர், அவை புதையல் எனப் பொய்யாகக் கருதி வார்த்திகனைச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை கதறினாள். ஐயை கோயிலின் கதவு திறவாதாயிற்று. பாண்டியன் உண்மை அறிந்து வார்த்திகனை விடுத்து, பிழை பொறுக்க வேண்டித் திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். கோயிற் கதவு திறந்தது.

இவ்வரலாற்றில் மூன்று நற்கூறுகள் உண்டு. தவறு ஏவலர் மேலதாயினும் வேந்தன் அதனைத் தன் தவறாக ஏற்றான். வெளிப்படையாகப் பொறுத்தல் வேண்டினான். இழப்பிற்கு ஈடு தந்தான். ஆயினும் உண்மை வெளிப்பட்ட வழியை நோக்குக. கார்த்திகையின் கதறல் தானே வேந்தன் செவிக்கு எட்டவில்லை; தெய்வத்தின் கதவு மூடிய பின்னரே எட்டியது. அதே மதுரையில் கோவலனுக்காக எக்கதவும் மூடவில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்த பின்னரே அரசன் ஆய்ந்தான். அப்பொழுது கோவலன் உயிரோடு இல்லை. ஒரே காதை மரபில், ஒரு குற்றமற்றவன் நிலம் பெறுகிறான். மற்றொரு குற்றமற்றவன் உயிர் இழந்து கிடக்கிறான். இடையில் உள்ளது தெய்வச் செயல் ஒன்றே. முறையான ஆணையின்றி எவரையும் சிறையில் ஏற்றலாகாது என்னும் 7-ஆம் நெறியும், நாள்தோறும் முறையிட வாய்ப்பளிக்கும் 56-ஆம் நெறியும், தெய்வத்தின் கதவுக்குக் காத்திராத வாயிலை மனிதர் கதவில் அமைக்க முயன்றனவாம்.

5. நெறியின் குறைகள்

இதுகாறும் கூறியவற்றால், பழைய நூல்கள் குறைபட்டன என்றும் புதிய நெறிகள் நிறைவுற்றன என்றும் யாம் கருதுவதாக எவரும் கொள்ளற்க. நெறிகளும் ஆய்வுக்கு உரியனவே.

முதலாவது, அவை தாமே சட்டம் ஆகா. நாடுகள் தம் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளும் அளவிற்கே அவற்றிற்கு ஆற்றல் உண்டு. இரண்டாவது, அவை வளர்ந்து வந்தவை. 1955-ஆம் ஆண்டின் தொகுதி உணவுக் குறைப்பைத் தண்டமாக முற்றும் விலக்கவில்லை. மருத்துவர் கைதியை ஆய்ந்து, தாங்கவல்லன் என எழுத்தால் சான்று தரின் அது கூடும் என்றது. அறுபது ஆண்டுகள் கழித்தே அது முழுதும் விலக்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலர் ஆட்சியில் இயற்றிய 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் தன் 46-ஆம் பிரிவில் உணவுக் குறைப்பைத் தண்டங்களுள் ஒன்றாக எண்ணி, அது தொடர்ந்து 96 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என வரம்பிட்டது. பசியைத் தண்டத்தின் கருவியாகக் கொண்டு அதற்கு மணிக்கணக்கு வகுத்த மனம், புழுக்கறைக்கு மிக அணித்தானது.

மூன்றாவது குறை நெறியின் இயல்பிலேயே உள்ளது. நெறி தானே சிறையுள் நடந்து செல்லாது. எவரேனும் உள்ளே செல்ல வேண்டும். அன்றி உள்ளிருப்பவன் குரல் வெளியே வர வேண்டும். 1979-இல் இந்திய உச்ச நீதிமன்றம், திகார்ச் சிறையில் இருந்த கைதி ஒருவர் பிறிதொரு கைதி காவலரால் துன்புறுத்தப்பட்டமை குறித்து நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று ஆய்ந்தது. சிறை புகுந்ததனால் ஒருவன் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழப்பதில்லை என்பது அந்நீதிமன்றம் 1978-இலேயே தெளிவாக்கிய கொள்கை. அக்கடிதம் வெளிவராதிருப்பின் அக்கொள்கை அச்சிறையுள் ஏட்டளவில் நின்றிருக்கும். குடவாயிற் கோட்டத்திலிருந்து வெளிவந்தது ஒரு பாட்டு. திகாரிலிருந்து வெளிவந்தது ஒரு கடிதம். பாட்டைக் கேட்டவர் அதனைத் தொகையில் சேர்த்தனர். கடிதத்தைக் கேட்டவர் அதனை வழக்காக்கினர். இரண்டாம் செயலின் அருமையை முதற்செயலின் அழகு மறைத்துவிடலாகாது.

தமிழில் சிறைப்பட்டவர் தாமே தம் சிறையை எழுதும் மரபு அண்மைக் காலத்தே விரிந்தது. வ. உ. சிதம்பரனார் 1908-இல் தண்டனை பெற்று, 1912 இறுதியில் விடுதலை பெறும்வரை கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் பெரும்பகுதியும் கழித்தார். தம் சிறைவாழ்வைச் சுயசரிதையில் அகவற்பாவால் எழுதினார். விடுதலைப் போர் வரலாற்றிற்குச் சான்றாக அந்நூல் பயிலப்படுகிறது. சிறைப்பட்டவன் கையாலேயே எழுந்த சிறையாவணமாக அதனை 74-ஆம் புறப்பாட்டோடு வைத்துப் பயிலும் ஆய்வு முதுகலை மாணவர் கொள்ளத்தக்க பொருளாகும். சிதம்பரனாரின் தியாகத்தைப் போற்றும் நாம், அவர் இழுத்த செக்கினைத் தியாகத்தின் அணியாக மட்டும் கண்டு, அதனை அவர் தோளில் ஏற்றிய சிறைமுறையை ஆராயாது விடுவது, இரும்பொறையின் மானத்தைப் போற்றிக் குடவாயிற் காவலரை மறந்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. புறநானூற்று 74-ஆம் பாட்டு மானத்தைக் கூறுவது உண்மை. அதனினும் முன்னதாக, தளைப்பட்டவனை ஆள் என எண்ணுதல் வேண்டும் என்னும் முறையீடாகவும் அது நிற்கிறது. ‘வேளாண்’ என்னும் அதன் சொல், கடன் கொடையாக மாறும்பொழுது நிகழும் இழிவைச் சுட்டுகிறது. மணிமேகலையின் 19-ஆம் காதையை 22, 23-ஆம் காதைகளோடு சேர்த்துப் பயிலும்பொழுது, அருளால் திறந்த சிறை அருள் நீங்கியபொழுது மீண்டும் மூடும் என்னும் உண்மை வெளிப்படுகிறது. வார்த்திகன் வரலாறு, தவறு உணர்ந்த வேந்தனின் பெருமையையும், அவ்வுணர்ச்சி தற்செயலை நம்பி நின்றமையையும் ஒருங்கே காட்டுகிறது.

சிறைவீடு பெரிது, ஆயினும் அது விடப்பட்டவனோடு முடிந்துவிடுவது. சிறைநெறி சிறிது, ஆயினும் அது விடப்படாதவனோடு இருப்பது. விழா நாளில் திறந்துவிடப்பட்ட கோட்டங்களைப் பாடிய புலவர் பலர். திறவாத கோட்டத்தினுள் ஒருவன் நீர் கேட்டபொழுது அது வரும் காலம் யாது என்பதனைப் பாடியவன், அந்நீரைக் கையில் ஏந்திய அவன் ஒருவனே. அவன் பாட்டை மானத்திற்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அவன் கேட்டபொழுது நீர் கொணராத காவலனைப் பற்றியும் ஒரு வினா எழுப்பித் தேர்வுத் தாளில் இடுவாராயின், இவ்வாய்வு தன் பயனைப் பெற்றதாகக் கருதுவோம்.